மணிமுத்தாற்றங்கரை வழி



சேலம் மாவட்டத்து ஆட்டையாம்பட்டியிலிருந்து நாமக்கல் மாவட்டத்து மல்லசமுத்திரத்துக்கு வழி கேட்பவருக்கு, இன்று எவரும் பேருந்து நிற்கும் இடத்தையே சுட்டிக்காட்டுவர். நல்ல தார்ச்சாலை இருக்கிறது. கடைத்தெருவில் ஒரு பொட்டலம் கைமுறுக்கு வாங்கிக்கொண்டு பேருந்தில் ஏறினால், அது தீர்வதற்குள் மல்லசமுத்திரம் வந்துவிடும். ஆயினும் இவ்விரண்டு சிற்றூர்களுக்கும் இடையே முன்னாளில் மற்றொரு வழியும் இருந்தது. அது திருமணிமுத்தாற்றின் கரையோரமாகச் சென்றது.

அவ்வழியை எனக்குக் காட்டியவர் என் தாய்வழிப் பாட்டனார். எங்கள் கொங்குப் பகுதியில் அவரை அப்புச்சி என்று அழைப்போம். ஏறத்தாழ அறுபது ஆண்டுகளுக்கு முன், சிறுவனாகிய என்னை முன்னே நடக்கவிட்டுப் பின்னே அவர் வருவார். ஆறு எங்கள் ஊரின் நடுவே பாய்வதன்று. சற்று ஒதுங்கியே செல்வது. வயல் வரப்புகளைக் கடந்து கரையில் இறங்கியதும், "தண்ணி போற பக்கமே போ கண்ணு; மதியம்பட்டி தாண்டினா அப்புறம் மல்லசமுத்திரத்துக்குக் கேட்டுக்கலாம்" என்பார். வழிகாட்டும் பலகை ஒன்றும் அங்கு இல்லை. ஓடும் நீரே திசை காட்டிற்று.

அதை ஒரே சீரான பாதை என்று சொல்லுதல் இயலாது. ஓரிடத்தில் வண்டித்தடமாக இருக்கும்; ஓரிடத்தில் வாய்க்கால் வரப்பாகக் குறுகும்; ஓரிடத்தில் பனைவரிசையின் அடியில் ஒற்றையடித் தடமாக ஓடும். கரை இடிந்த இடத்தில் மணலில் இறங்கி அப்பால் ஏறுவோம். மிதிவண்டியில் வருவோர் அங்கே இறங்கி வண்டியைத் தோளில் தூக்கிக்கொள்வர். எனினும் நடப்பவர் இருந்தமையால் வழி இருந்தது. இன்று நடப்பவர் இல்லை. ஆகவே வழியும் இல்லை. இச்சிறு வழியின் வரலாற்றையும், அது மீண்டும் வழியாக வேண்டியதன் காரணத்தையும் இன்று உங்களிடம் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் ஆற்றைப் பற்றிச் சில சொற்கள். தமிழ்நாட்டில் மணிமுத்தாறு என்ற பெயர் ஒன்றுக்கு மேற்பட்ட ஆறுகளுக்கு உண்டு. விருத்தாசலத்தில் ஒரு மணிமுத்தாறு ஓடுகிறது. திருநெல்வேலிச் சீமையில் பொருநையோடு கூடும் மணிமுத்தாறு வேறு. நம்முடைய திருமணிமுத்தாறு சேர்வராயன் மலைத்தொடரில் பிறக்கிறது. சேலம் நகரின் நடுவே புகுந்து, உத்தமசோழபுரத்தைத் தொட்டு, ஆட்டையாம்பட்டி, மதியம்பட்டிப் பக்கமாகத் தெற்கே இறங்கி, பரமத்தி வட்டாரத்தைக் கடந்து, நஞ்சை இடையாற்றுக்கு அருகே காவிரியோடு கலக்கிறது. பேராறு என்று சொல்லத்தக்கதன்று. மழைக்காலத்தில் பெருகுவதும் கோடையில் மணலாகக் கிடப்பதுமே இதன் இயல்பு. ஆனால் இச்சிற்றாற்றின் கரையைப் பிடித்துக்கொண்டே மலையடிவாரத்திலிருந்து காவிரிவரை ஒருவன் நடந்துவிடலாம் என்பதே இதன் பெருமை.

இதனை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர் என்பதற்குச் சான்று கரையிலேயே இருக்கிறது. சேலத்துச் சுகவனேசுவரர் கோயில், உத்தமசோழபுரத்துக் கரபுரநாதர் கோயில், பில்லூர் வீரட்டேசுவரர் கோயில், மாவுரெட்டி பீமேசுவரர் கோயில், நஞ்சை இடையாற்றுத் திருவேலிநாதர் கோயில் ஆகிய ஐந்து சிவாலயங்களும் இவ்வாற்றை ஒட்டியே அமைந்தவை. இவ்வைந்தையும் சிவராத்திரி நாளில் ஒரே சுற்றாக வழிபடுதல் இப்பகுதி மக்களின் வழக்கம். பாண்டவர் ஐவர் வழிபட்ட தலங்கள் என்று மரபு கூறும். அம்மரபின் உண்மையை ஆராய்வது இங்கு நம் வேலையன்று. நாம் கவனிக்க வேண்டியது வேறொன்று. ஐந்து தலங்களை ஒரு நூலில் கோத்த மக்கள், அந்த நூலாக ஓர் ஆற்றையே கொண்டனர். ஒரு கோயிலிலிருந்து மறுகோயிலுக்குச் செல்பவனுக்கு ஆறே வழித்துணையாயிற்று.

உத்தமசோழபுரத்தில் ஔவையாருக்கும் ஓர் இடம் உண்டு. பாரி மகளிரான அங்கவை, சங்கவை ஆகியோரின் திருமணத்தை ஔவையார் இவ்வூரிலேதான் நடத்திவைத்தார் என்று அவ்வூரார் வழிவழியாகச் சொல்லி வருகின்றனர். ஊர் ஊராக நடந்தே வாழ்ந்த புலவர் பெருமாட்டியை ஓர் ஆற்றங்கரை ஊர் தன்னுடையவராக உரிமை கொண்டாடுவது பொருத்தமே அன்றோ?

இனி, கரைவழி என்பது பெருவழியினின்று எங்ஙனம் வேறுபட்டது என்பதைக் காண்போம். கொங்கு நாட்டிலும் அதனை அடுத்த தகடூர் நாட்டிலும் பண்டு பெருவழிகள் இருந்தன. தருமபுரிப் பகுதியில் அதியமான் பெருவழி என்ற பெயர் பொறித்த, 13-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த மைல்கல் கிடைத்திருக்கிறது. நாவல்தாவளம் என்னும் ஊருக்கு 29 காதம் என்று அக்கல் அறிவிக்கிறது. எழுத்தறியாத வழிப்போக்கனை அந்நாளைய ஆட்சியாளர் மறக்கவில்லை. இருபதைக் குறிக்க இரண்டு பெரிய குழிகளும், ஒன்பதைக் குறிக்க ஒன்பது சிறு குழிகளும் அக்கல்லில் வெட்டப்பட்டுள்ளன. இருட்டில் வந்தவனும் கையால் தடவித் தூரத்தை அறிந்துகொள்ளலாம். வழிப்போக்கனிடத்தில் இதைவிடப் பரிவு காட்ட முடியுமா என்பது ஐயமே.

பெருவழி வணிகச் சாத்துக்கும் படைக்கும் உரியது. அதனைக் காப்பவன் அரசன். அதற்குக் கல் நடுபவனும் அவனே. கரைவழிக்கோ அரசனும் இல்லை, கல்லும் இல்லை. மேய்ச்சலுக்கு மாடு ஓட்டிச் செல்பவனும், மடை திருப்பச் செல்லும் உழவனும், சலவைத் தொழிலாளியும், பிறந்தகம் செல்லும் பெண்ணும், சந்தைக்குப் போகும் மூதாட்டியும் தங்கள் காலால் அதை உண்டாக்கினர். காலாலேயே அதைக் காத்தனர். வேனிலில் நடப்பவனுக்கு வேண்டியவை நிழலும் நீருமே. அவ்விரண்டும் கரையில் இருந்தன. மணலில் ஊற்றுத் தோண்டி, கலங்கல் தெளியும்வரை காத்திருந்து, இரு கையாலும் அள்ளி நான் குடித்திருக்கிறேன்.

மல்லசமுத்திரம் பருத்திக்குப் பேர்போன ஊர். அங்கே கூட்டுறவு விற்பனைச் சங்கத்தின் பருத்தி ஏலம் நடைபெறுகிறது. ஆட்டையாம்பட்டியும், அடுத்துள்ள வெண்ணந்தூரும் நெசவுத் தறிகளின் ஊர்கள். ஓர் ஊரில் பருத்தி, மற்றோர் ஊரில் தறி. இத்தகைய ஊர்களுக்கிடையே போக்குவரத்து ஓயாமல் இருந்ததில் வியப்பில்லை. மூட்டையோடு வண்டி சாலையில் போயிற்று. மூட்டை இல்லாத மனிதன் கரையோடு போனான்.

இத்தகைய வழி எவ்வாறு மறைந்தது? ஒரு நாளில் மறையவில்லை. ஒரு காரணத்தாலும் மறையவில்லை.

1860-களின் தொடக்கத்தில் சென்னையிலிருந்து மேற்குக் கடற்கரை நோக்கிச் சென்ற இருப்புப்பாதை சேலத்தைத் தொட்டு ஈரோட்டை நோக்கிப் போயிற்று. நெடுந்தொலைவுப் பயணிகளை அது கவர்ந்துகொண்டது. நம் இரண்டு ஊர்களும் அதன் வழியில் இல்லை. பிறகு மோட்டார் பேருந்து வந்தது. அது ஊருக்கு ஊர் நின்று, நடப்பவனைக் கைகாட்டி ஏற்றிக்கொண்டது. பேருந்தை நான் குறை கூறவில்லை. பேறுகாலத்துப் பெண்ணையும் பள்ளிப் பிள்ளையையும் அது சுமந்திருக்கிறது. ஆனால் ஒருவழியாகக் கரையிலிருந்து கால்கள் விலகின.

இதைக் காட்டிலும் ஆழமான மாற்றம் மேலே சேலம் நகரில் நிகழ்ந்தது. சேலத்துக்கு நகராட்சி ஏற்பட்டது 1866-ஆம் ஆண்டில். நகரம் வளர வளர அதன் தாகமும் வளர்ந்தது. 1911-இல் பனமரத்துப்பட்டி ஏரி நகரின் குடிநீருக்காக அமைந்தது. 1934-இல் மேட்டூர் அணை முடிவுற்றது; பின்னர் காவிரி நீரே குழாய் வழியே நகருக்கு வந்து சேர்ந்தது. மக்களுக்கு நல்ல குடிநீர் கிடைத்ததை எவரும் வாழ்த்துவர். ஆயினும் அதன் மறுபக்கத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். எந்த ஆற்றை நகரம் குடிக்கவில்லையோ, அந்த ஆற்றைப் பற்றி நகரம் கவலைப்படவுமில்லை. வீட்டுக் கழிவும், சாயப் பட்டறைகளின் கழிவும் மணிமுத்தாற்றில் இறங்கின. முத்து என்று பெயர் சூட்டப்பட்ட ஆறு, நகர மக்களின் வாயில் சாக்கடை என்ற பெயரைப் பெற்றது.

கழிவோ சேலத்திலேயே தங்குவதன்று. ஓடும் நீரோடு அதுவும் ஓடும். மழை பெய்து ஆறு பெருகும் நாள்களில் மதியம்பட்டிப் பகுதியில் வெண்ணுரை மலைபோல் பொங்குவதைச் செய்தித்தாள்கள் பல முறை படத்தோடு வெளியிட்டிருக்கின்றன. அப்புச்சி எனக்கு வழியடையாளமாகச் சொன்ன அதே மதியம்பட்டி. அண்மையில் ஒரு முறை நான் அங்கே சென்று நின்றேன். சற்று நேரத்துக்கு மேல் நிற்க முடியவில்லை. மேல்துண்டால் மூக்கை மூடிக்கொண்டு திரும்பினேன். திரும்பும்போது எனக்கு நாணமும் உண்டாயிற்று. ஊற்றுத் தோண்டிக் குடித்த ஆற்றுக்கு நான் முதுகு காட்டுகிறேனே என்று எண்ணினேன். பின்னர் யோசித்துப் பார்த்தபோது, நாங்கள் எல்லோருமே பல ஆண்டுகளுக்கு முன்பே அதற்கு முதுகு காட்டிவிட்டோம் என்பது விளங்கிற்று.

மற்றொரு தொல்லையும் உண்டு. 1997-ஆம் ஆண்டு சனவரி முதல் நாளில் சேலம் மாவட்டத்திலிருந்து நாமக்கல் மாவட்டம் பிரிந்தது. ஆட்டையாம்பட்டி சேலத்தோடு நின்றது. மல்லசமுத்திரம் நாமக்கல்லோடு சேர்ந்தது. ஆட்சி வசதிக்காகச் செய்யப்பட்ட அப்பிரிவினை நல்லதே. ஆனால் ஆறு எல்லைக்கோட்டை அறியாது. கழிவு இறங்குவது ஒரு மாவட்டத்தில். நுரை பொங்குவது மற்றொரு மாவட்டத்தில். மதியம்பட்டி உழவர் சேலம் மாநகராட்சிக்கு வாக்களிப்பவர் அல்லர். அவருடைய குறையை யார் கேட்பது? சட்டம் இல்லாமல் இல்லை. நீர் மாசடைவதைத் தடுக்கும் சட்டம் 1974-இல் வந்தது. தமிழ்நாட்டில் அதற்கென ஒரு வாரியம் 1982-இல் அமைந்தது. சட்டத்துக்குக் கை உண்டு. ஆனால் ஆற்றங்கரை நெடுகிலும் நாள்தோறும் நடந்து பார்க்கும் கண் எங்கே? அந்தக் கண் முன்னாளில் வழிப்போக்கனிடம் இருந்தது.

இங்கே நான் சொல்ல விரும்பும் கருத்துக்கு வந்துவிட்டேன். கரைவழி என்பது வெறும் போக்குவரத்து வசதியன்று; அஃது ஆற்றுக்குக் காவல். மக்கள் நடக்கும் கரையில் ஒருவன் இரவோடு இரவாகக் கழிவைக் கொட்டினால், காலையில் ஊர் முழுதும் தெரிந்துவிடும். மக்கள் நடக்காத கரையில் எது நிகழ்ந்தாலும் நுரை வந்த பிறகே தெரியும்.

இது வெறும் கற்பனை அன்று என்பதற்கு அமெரிக்க நாட்டில் நிகழ்ந்த ஒன்றைச் சொல்லுகிறேன். வாஷிங்டன் நகரின் சார்ஜ்டவுனிலிருந்து கம்பர்லாந்து என்னும் ஊர்வரை, போட்டோமாக் ஆற்றை ஒட்டி ஒரு கால்வாய் உண்டு. 1828-இல் வெட்டத் தொடங்கி 1850-இல் கம்பர்லாந்தை எட்டினர். நீளம் 184 மைலுக்கும் சற்று அதிகம். படகுகளைக் கோவேறு கழுதைகள் கரையில் நடந்து இழுத்தன. அவ்வாறு கால்வாய் நெடுகிலும் ஓர் இழுவழி உண்டாயிற்று. இருப்புப்பாதையின் போட்டியாலும் வெள்ளத்தாலும் நலிந்து, 1924-இல் கால்வாய்ப் போக்குவரத்து நின்றது. 1938-இல் அரசு அதை விலைக்கு வாங்கியது. பின்னர், அதன் தடத்தில் மோட்டார் வண்டிகளுக்குச் சாலை அமைக்கலாம் என்ற திட்டம் எழுந்தது. 1954-இல் 'வாஷிங்டன் போஸ்ட்' நாளிதழ் அத்திட்டத்தை ஆதரித்துத் தலையங்கம் எழுதிற்று.

அந்நாட்டு உச்ச நீதிமன்ற நீதிபதிகளுள் ஒருவரான வில்லியம் டக்ளஸ் அத்தலையங்கத்தைக் கண்டார். வழக்காடவில்லை, வசைபாடவுமில்லை. தலையங்கம் எழுதியவரைத் தம்மோடு அவ்வழி முழுவதும் நடக்க வருமாறு கடிதம் எழுதி அழைத்தார். இதழாசிரியர்களும் அழைப்பை ஏற்றனர். 1954 மார்ச்சு மாதத்தில் எட்டு நாள்கள் நடந்தனர். தொடங்கியவர் பலர், முழுத்தொலைவும் நடந்து முடித்தவர் டக்ளஸ் உட்பட ஒன்பதின்மரே. காலில் கொப்புளத்தோடு திரும்பிய இதழாசிரியர்கள் தம் கருத்தையும் மாற்றிக்கொண்டனர். சாலைத் திட்டம் கைவிடப்பட்டது. 1971-இல் அக்கால்வாயும் கரைவழியும் தேசிய வரலாற்றுப் பூங்காவாயின. இன்று அவ்வழியில் நடப்போரும் மிதிவண்டியில் செல்வோரும் ஏராளம். கரையிலுள்ள சிற்றூர்களுக்கு அவர்களால் பிழைப்பும் உண்டு. ஐரோப்பாவில் தான்யூப் ஆற்றங்கரையிலும் இதே கதைதான். முன்னாளில் குதிரைகள் கப்பலை எதிர்நீரோட்டத்தில் இழுத்துச் சென்ற தடம், இன்று பாசாவு நகரிலிருந்து வியன்னா வரை புகழ்பெற்ற மிதிவண்டிப் பாதையாக விளங்குகிறது.

நடையின் வலிமையை நமக்கு அயல்நாட்டார் கற்பிக்க வேண்டியதில்லை. சேலம் நகராட்சியின் தலைவராக 1917 முதல் 1919 வரை இருந்த இராஜாஜி, 1930 ஏப்பிரலில் திருச்சியிலிருந்து வேதாரணியத்துக்குத் தொண்டர்களோடு நடந்தே சென்றார். புகைவண்டியில் சென்றிருந்தால் ஒரு நாளில் முடிந்திருக்கும். ஆனால் இடையிலுள்ள ஊர்களின் நெஞ்சம் அசைந்திராது. நடப்பவனை ஊர் காண்கிறது. ஊரை நடப்பவன் காண்கிறான். உப்புக்கு நடந்த நாம் ஆற்றுக்கு நடக்கலாகாதா?

என்ன செய்யலாம் என்று கேட்பீர்கள். பெருஞ்செலவுக்குரிய திட்டம் எதையும் நான் கூற வரவில்லை. கற்பலகை பதித்து, இரும்புக் கம்பி வேலியிட்டு, மின்விளக்கு வரிசை நாட்டிய நடைமேடை நம் கரைக்கு வேண்டா. ஆட்டையாம்பட்டிக்கும் மல்லசமுத்திரத்துக்கும் இடையே ஒருவர் நடக்கவும், ஒரு மிதிவண்டி செல்லவும் போதிய மண்வழி ஒன்று போதும். ஆற்றுப் புறம்போக்கு எதுவரை என்று நில அளவைப் படங்களில் உண்டு. அதை அளந்து கல் நட வேண்டும். கரை இடிந்த இடங்களில் மண் அணைக்க வேண்டும். ஓடை வந்து சேரும் இடங்களில் சிறு பாலம் இட வேண்டும். பனையும் புங்கமும் வைக்க வேண்டும். இரண்டு மாவட்டங்களின் அலுவலர்களும் ஒரே வழியில் ஒரு நாளாவது சேர்ந்து நடக்க வேண்டும். இவ்வளவே.

இதற்கு இரண்டு தடைகள் கூறப்படும். கரையோர நிலத்தை உழுது வருபவர், தம் நிலம் பறிபோகுமோ என்று அஞ்சுவார். அவ்வச்சம் நியாயமானது. அளவைக்கு முன்னரே அவரை அழைத்து, அவர் கண்முன்னே அளந்து, பட்டா நிலத்தில் ஓர் அடியும் எடுப்பதில்லை என்று உறுதி கூற வேண்டும். வழியால் அவருக்கும் நன்மை உண்டு. இளநீரும் நுங்கும் விற்கச் சாலைக்குப் போக வேண்டியதில்லை.

மற்றொரு தடை வலியது. நாற்றம் எடுக்கும் ஆற்றின் கரையில் எவன் நடப்பான்? முதலில் ஆற்றைத் தூய்மை செய்யுங்கள், பிறகு வழி அமையுங்கள் என்பர். நகரக் கழிவைச் சுத்திகரித்த பின்னரே ஆற்றில் விட வேண்டும் என்பதிலும், சாயக் கழிவு ஒரு துளியும் இறங்கலாகாது என்பதிலும் எனக்கு ஐயமில்லை. வழி அமைத்துவிட்டால் சாக்கடை தானே தெளியும் என்று நான் கூறவில்லை. ஆனால் தூய்மைக்காகக் காத்திருந்த பல ஆண்டுகளில் தூய்மை வரவில்லை என்பதையும் காண்கிறோம். மூக்கை மூடிக்கொண்டேனும் நூறு பேர் அக்கரையில் நடக்கட்டும். எங்கே நீர் கறுக்கிறது, எந்த ஓடை வழியே சாயம் வருகிறது, எந்த நாளில் நுரை எழுகிறது என்று அவர்கள் குறித்துவைக்கட்டும். அக்குறிப்போடு வருபவனை எந்த அலுவலகமும் எளிதில் திருப்பி அனுப்ப முடியாது. மூக்கை மூடிக்கொண்டு திரும்பி வந்த என்னிடம் அத்தகைய குறிப்பு எதுவும் இல்லை. அது என் குறை.

ஆகவே ஒரு முடிவு செய்திருக்கிறேன். வரும் சிவராத்திரியன்று ஐந்து தலங்களுக்கும் பலர் வண்டிகளில் செல்வர். அன்று விடியற்காலையில் நான் ஆட்டையாம்பட்டியிலிருந்து கரைக்கு இறங்கி, நீர் போகும் பக்கமே நடக்கப் போகிறேன். ஐந்து தலங்களையும் நடந்து முடிக்க இந்த வயதில் இயலாது. மல்லசமுத்திரம் வரையில் இயலும் என்று நம்புகிறேன். என் பேரன் தன் மிதிவண்டியோடு வருவதாகச் சொல்லியிருக்கிறான். கரை இடிந்த இடத்தில் வண்டியை யார் தூக்குவது என்று கேட்டான். இருவருமாகத் தூக்குவோம் என்று சொன்னேன். வழிக்கு முறுக்கும் குடிநீரும் எடுத்துக்கொள்வோம். குடிநீரை வீட்டிலிருந்தே கொண்டுசெல்ல வேண்டியிருக்கிறது. ஒரு குறிப்பேடும் எழுதுகோலும் அவன் பையில் இருக்கும்.

கரையோர ஊர்களிலுள்ள அன்பர்கள் எவரேனும் உடன் வர விரும்பினால், மதியம்பட்டியில் எங்களோடு சேர்ந்துகொள்ளலாம்.